பின்சீட்டில் இருந்து பார்த்தவர்

பிரெஞ்சு நாட்டின் லா சப்பல் பகுதியில் பழைய கார் விற்கும் ஒரு கராஜில் நான் கார் கழுவிய நாட்களில், கார் வாங்க வந்த அவரைச் சந்தித்தேன். பெரிய உடம்பு, குளிரில் வெடித்த உதடுகள். நாலு சக்கரமும் இழுக்கிற, பனியில் மலையேறக்கூடிய கார்களை மட்டுமே பார்த்தார். ஒவ்வொன்றிலும் பின்சீட்டில் ஏறிக் கண்களை மூடிக்கொண்டார்.

"அண்ணை, பின்னாலை ஏறிப் பாக்கிறியள், காரை ஓடப்போறது ஆர்?" என்று கேட்டேன்.

"நான்தான். பின்னாலை மனிசி. மலையிலை ஹோட்டல் வேலை, சோடியாத்தான் எடுத்தவங்கள். அங்கை பஸ், ட்ரெயின் ஒண்டும் போகாது. அவ ஏறாட்டி எனக்கும் வேலை இல்லை."

போன பனிக்காலத்தில் கார் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்து மனைவியின் இடுப்பு முறிந்ததாம்.

"பனி டயர் போடேல்லையோ?"

"கோயிலிலை பூசை செய்து, சில்லாலை எலுமிச்சம்பழம் நசிச்சுக்கொண்டு போனம். டயருக்குப் பதிலா அது காணும் எண்டு நினைச்சிட்டன்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

கடைசியில், இருக்கைகள் சூடாகும் ஒரு காரைப் பனி டயரோடு எடுத்தார். வாசலில் தடியூன்றி நின்ற மனைவிக்காகப் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

"இஞ்சையப்பா, ஒருக்கா இருந்து பாருமன். கட்டில் மாதிரி."

"நீங்கள் போங்கோ. நான் ட்ரெயினிலை வாறன்."

முதலாளி கூப்பிட, நான் அடுத்த காரைக் கழுவப் போனேன். கழுவி முடித்துத் திரும்பியபோதும் அவர் அந்தக் கதவைப் பிடித்தபடியே நின்றார்.