அன்ரிக்கு நான் எழுதிய மறுப்புக் கடிதம்

அந்தக் கடிதத்தை எழுதி முடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. நல்ல தமிழில் இருக்கவேண்டும் என்று மினக்கெட்டேன். ‘தங்கள் படைப்பை மிகுந்த ஈடுபாட்டுடன் பார்த்தோம்’ என்று தொடங்கி, ‘இம்முறை மேடையில் இடமளிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்று முடித்தேன். கீழே என் பெயரைப் போடவில்லை. ‘தேர்வுக் குழு’ என்று போட்டேன். குழுவில் நாங்கள் ஐந்து பேர். அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைக்காமற் செய்தது நான் ஒருவன்தான்.

அது ஒரு பர்லெஸ்க் அமைப்பு. இதைத் தமிழில் விளங்கப்படுத்துவது கொஞ்சம் கஷ்டம். ஆட்டமும் பகிடியும் மினுக்கமும் சேர்ந்த மேடைக் கலை அது. ஆடுகிறவர் தன் உடைகளை ஒவ்வொன்றாக, பார்க்கிறவர்களைச் சீண்டிச் சீண்டிக் கழற்றுவார். முழுதாகக் கழற்றுவதில்லை. கழற்றுவதைவிடக் கழற்றப்போவதாகப் போக்குக்காட்டுவதே அதிகம். எங்கள் அமைப்பில் சம்பளக்காரர் ஒருவரும் இல்லை. தலைவிகூடப் பகலில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருக்கிறவர். இளமையும் மெல்லிய உடம்பும் வெள்ளைத் தோலும் உள்ளவர்களுக்கு மட்டுமான மேடையாக இது இருக்கக்கூடாது என்பதில் எல்லோரும் பிடிவாதமாக இருந்தோம். பொருளும் ஆட்களும் வீணாகித் தேய்ந்துபோகாமல் நெடுநாள் நிற்கவேண்டும் என்பது அடுத்த பிடிவாதம். அதனால் பழைய உடைகளைப் பிரித்து, மணிகளைக் கழற்றி, புது உடைகளில் தைத்து, ஒரு பொது அலுமாரியில் வைத்து ஆளுக்காள் மாறி மாறிப் போட்டார்கள்.

என் வேலை எழுதுவது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவின் வேலையில்லாக் காப்புறுதி, அம்மாவின் குடியுரிமை, கீழ்வீட்டுக்காரரின் வாடகை முறைப்பாடு என்று ஒன்பது வயதிலிருந்தே படிவம் நிரப்பிப் பழகியவன். பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த ஒருத்தி, “எங்களுக்கு விண்ணப்பம் எழுத ஒருவர் வேண்டும்” என்று கூட்டிக்கொண்டு போனாள். போன முதல் நாளே எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. வீட்டில், “ஒரு கலை அமைப்பிலை எழுத்து வேலை” என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் அடுத்த கேள்வி வருவதற்கு முன்னரே எழுந்து போய்விடுவேன்.

தேர்வு ஒரு சனிக்கிழமை காலை, நூலகத்தின் சிறிய அறையில் நடந்தது. விண்ணப்பங்களில் பெயரை நீக்கி இலக்கம் போட்டிருப்போம். வீடியோவை மட்டும் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். விண்ணப்பித்தவரைத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால், அதைச் சொல்லிவிட்டு வெளியே போய்விடவேண்டும். அந்த விதியைத் தட்டச்சுச் செய்தவன் நான்.

பதினோராம் இலக்கம். ஒரு பெண் பனிக்காலத்தில் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குள் வருகிறாள். கண்வரை இழுத்துவிட்ட தொப்பியும் சால்வையுமாக, முகமே தெரியாத அளவுக்குப் போர்த்திருக்கிறாள். கழுத்துச் சால்வையை இழுக்கிறாள், அது முடிவதாயில்லை. கையுறையை விரல் விரலாகக் கழற்றுகிறாள். கையுறை கீழே விழும்போது பின்னால் கெட்டிமேளம். அடுத்த கையுறை, மறுபடி கெட்டிமேளம். ஜக்கெற்றுக்குள் இன்னொரு ஜக்கெற். அதற்குள் வேலைத்தளத்து மஞ்சள் மேலங்கி. அதற்குள் சுவெற்றர், அதற்குள்ளும் ஒரு சுவெற்றர். இடையில் களைத்துப்போய், கதிரையில் இருந்து, பிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணி குடிக்கிறாள். மேளமும் நிற்கிறது. குடித்து முடித்ததும் மேளம் தொடங்குகிறது. கடைசியில் பழைய கூறைச்சேலையில் தைத்த மினுங்கும் குட்டைப் பாவாடையோடும் சட்டையோடும் நிற்கிறாள். கம்பளிக் காலுறையை மட்டும் கழற்றமாட்டேன் என்று விரலை ஆட்டிக் காட்டுகிறாள், நிலம் குளிராம்.

குழு கண்ணில் நீர் வரச் சிரித்தது. நானும் சிரித்தேன், அவள் தொப்பியைக் கழற்றும் வரை. அது எங்கள் கட்டடத்தின் நாலாம் மாடி அன்ரி. வயது ஐம்பத்தைந்து இருக்கும். அம்மாவும் அவவும் விடிய வேலையாட்களை ஏற்றும் ஒரே வானில் பக்கத்து நகரமான பிறம்ரனுக்குப் போய், ஒரே களஞ்சியசாலையில் பெட்டி அடுக்கிவிட்டு வருகிறவர்கள்.

அப்போதே எழுந்து வெளியே போயிருக்கவேண்டும். போகவில்லை.

“எனக்கு மிகவும் பிடித்தது,” என்றார் தலைவி. “ஆனால் அந்த இசை கோவில் இசையா? நாங்கள் யாரையும் புண்படுத்தக்கூடாது. நீதான் சொல்லவேண்டும்.”

நாலு முகங்களும் என் பக்கம் திரும்பின. ஒரு ஆட்டத்தில் ஒரு பண்பாடு வந்தால் அந்தப் பண்பாட்டு ஆளின் சொல்லே கடைசிச் சொல் என்பது எங்கள் வழக்கம். எனக்கு அந்த நேரம் அந்த வான்தான் மனதில் ஓடியது. அன்ரி மேடை ஏறினால் அம்மாவைக் கூப்பிடுவா. அம்மா வருவா. வாசலில் நான் வருகிறவர்களின் ரிக்கெற்றைக் கிழித்துக்கொண்டு நிற்பேன்.

“அது மங்கல வாத்தியம்,” என்றேன். “எங்கள் சமூகத்தில் கலியாணத்துக்கும் கோவிலுக்கும் மட்டுந்தான். உடை கழற்றும் காட்சிக்கு அதை வைத்தால் சமூகம் ஆழமாகப் புண்படும்.”

ஆழமாக என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தேனோ. பிறந்தநாள் மண்டபத்தில் புகை கக்கும் இயந்திரத்தை விட்டு, கேக் வெட்டக் கெட்டிமேளம் அடிக்கிற ஆட்கள் நாங்கள். சிலருக்கு மனம் நொந்திருக்கலாம்தான். ஆனால் நான் அவர்களை நினைத்துப் பேசவில்லை. குழு தலையாட்டியது. “சொன்னதற்கு நன்றி, இது உனக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்,” என்றார் தலைவி. பதினோராம் இலக்கத்தின் இடம் வேறொருவருக்குப் போனது.

பதில் எந்த மொழியில் வேண்டும் என்ற கேள்விக்கு அன்ரி தமிழ் என்று குறித்திருந்தா. ஆகவே கடிதமும் என் வேலையாயிற்று. மேளத்தால் சமூகத்தின் மனம் நோகக்கூடும் என்று காரணம் எழுதினேன். காரணம் கொஞ்சம் கடுமையாகத் தெரியவே, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘ஞாயிறுதோறும் நடைபெறும் எமது உடைத் தையல் அமர்வுக்குத் தங்களை அன்புடன் அழைக்கிறோம்.’ மரியாதைக்கு எழுதிய வரி. யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு பிற்பகல், தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில், நான் ஒரு பழைய சட்டையில் மணி கழற்றிக்கொண்டிருந்தபோது அன்ரி வந்து நின்றா. கையில் இரண்டு பை நிறையச் சேலை.

“உவர் எங்கடை எட்டாம் மாடித் தம்பியெல்லே!”

“அன்ரி… நீங்கள் இஞ்சை…”

“என்ன முழிக்கிறீர், பிடிபட்ட கள்ளன் மாதிரி?” சிரித்துக்கொண்டே பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டா. “நான் அம்மாவுக்குச் சொல்லமாட்டன். பயப்பிடாதையும்.”

நான் இன்னும் எதுவுமே கேட்கவில்லை. எந்த இரகசியத்தைக் காக்க அவவின் இடத்தைப் பறித்தேனோ, அதைக் காப்பதாக அவ வந்த உடனேயே சும்மா வாக்குத் தந்துவிட்டா.

“உங்கடை வீட்டிலை தெரியுமோ அன்ரி?”

“என்ரை மகள்தானே வீடியோ எடுத்தவள். எனக்கென்ன ஒளிப்பு மறைப்பு? உமக்குத்தான் போலை கிடக்கு.” கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தா. நாலாக மடித்து ஒரு கண்ணாடித் தாள் உறைக்குள் வைத்திருந்தா. “இதை ஆர் எழுதினது? நீரே?”

“தமிழ் என்ரை, அன்ரி.”

“இந்த நாட்டுக்கு வந்து இத்தினை வருசத்திலை எனக்குத் தமிழிலை வந்த முதல் கடிதம். என்ன வடிவா எழுதியிருக்கிறீர்! ரெண்டு தரம் வாசிச்சாப் பிறகுதான் விளங்கினது, என்னை வேண்டாமாம் எண்டு.”

தானே சொல்லித் தானே சிரித்தா. பிறகு குரலைத் தாழ்த்தினா.

“சமூகத்துக்கு மனம் நோகுமெண்டு கிடக்கு. எந்தச் சமூகம் தம்பி? ஆரோ ஒரு ஆள் சொல்லியிருக்கோணும். ஆர் அது?”

“கொமிட்டிதான் அன்ரி.”

“கொமிட்டிக்குக் கெட்டிமேளம் தெரியுமோ?”

நான் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவவும் மேலே கேட்கவில்லை. சட்டையின் மறு கையை எடுத்து மணி கழற்றத் தொடங்கினா. விரல்கள் என்னுடையவற்றைவிட வேகமாக ஓடின. “எனக்கு இந்தப் பனிக்குச் செய்தாத்தான் உண்டு,” என்று பொதுவாகச் சொன்னா. “வசந்தத்திலை முழங்கால் ஒப்பரேசன். அதுக்குப் பிறகு இருந்தெழும்பி ஆடுறதெல்லாம் சரிவருமோ தெரியாது. சரி, உதை விடும். அந்தக் கத்திரிக்கோலை இஞ்சாலை தாரும்.”

இரண்டு மணித்தியாலம் பக்கத்தில் இருந்தா. அந்த ஆள் நான்தான் என்று நான் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில் குழுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: அவவைத் தெரியும் என்பதை மறைத்ததையும், சமூகம் என்று சொல்லி என் பயத்தைச் சொன்னதையும். திட்டுவார்கள் என்று தயாராகப் போனேன். தலைவி என் நேர்மைக்கு நன்றி சொன்னார். ஒருவர் என் தோளில் கை வைத்தார். அந்தக் கனிவைத் தாங்கமுடியாமல் மேசையைப் பார்த்தபடி இருந்தேன். பிறகு தலைவி நிகழ்ச்சி நிரலைத் திருப்பிக் காட்டினார். அன்ரிக்குப் போயிருக்கவேண்டிய இடத்தில் சக்கர நாற்காலியில் ஆடும் ஒரு பெண் ஒத்திகையைத் தொடங்கிவிட்டாள். அவளிடமிருந்து பறித்துத் திருத்தக்கூடிய பிழை அல்ல இது. நிகழ்ச்சி நேரத்திலும் ஒரு நிமிடம் மிச்சமில்லை.

“அவருக்குச் சொல்லிவிட்டாயா?” என்று தலைவி கேட்டார். அது ஒன்றுதான் அன்றைக்குச் சரியான கேள்வி.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறையில் அன்ரியைப் பிடித்தேன். காய்ந்த போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தா. நின்ற நிலையில் சொல்லி முடித்தேன். இயந்திரங்களின் இரைச்சலில் இரண்டு இடத்தில் திருப்பிச் சொல்லவேண்டி வந்தது. பிழையைக் கத்திச் சொல்வது ஒரு தனி வெட்கம்.

“அம்மாவுக்குப் பயந்தோ?”

“ஓம் அன்ரி.”

“என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே.” கையிலிருந்த போர்வையை மடித்துக் கூடையில் வைத்தா. “மேளத்திலை நான்தான் பிழை விட்டிட்டன் எண்டு ரெண்டு கிழமையாக் குழம்பிப்போய்க் கிடந்தன், தெரியுமே. கோயிலிலை ஐயரிட்டைக் கேக்கவும் போனனான். வாசல் மட்டும் போயிட்டு வெக்கத்திலை திரும்பி வந்திட்டன்.”

அடுத்த போர்வையை எடுத்து விரித்தா.

“உந்தத் தொங்கலைப் பிடியும்,” என்றா. போர்வையின் மறு முனையைப் பிடித்தேன். இருவரும் மடித்தோம். “அம்மாவுக்குச் சொல்லமாட்டன் எண்டு நான் சொன்னது சொன்னதுதான். நீர் சொல்லுறதெண்டாச் சொல்லும்.” கூடையைத் தூக்கினா. நான் கை நீட்டினேன். “வேண்டாம்,” என்று லிஃப்ற்றை நோக்கி நடந்தா. சமநிலத்தில்கூட அவ ஒரு காலை இழுத்து நடக்கிறா என்பதை அன்றுதான் கண்டேன்.

அன்று பின்னேரமே அம்மாவிடம் சொன்னேன். அம்மா கறிக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தா.

“கழட்டுறதெண்டா, எவ்வளவு மட்டும் கழட்டுவினம்?”

“அது ஆளைப் பொறுத்ததம்மா.”

“நீயும் கழட்டுறனியோ?”

“இல்லையம்மா. நான் எழுதுறது மட்டும்.”

“அந்த மட்டிலை புண்ணியம்.” கத்தி மறுபடி ஓடத் தொடங்கியது.

அன்ரியின் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னபோது கத்தி நின்றது. “நாலாம் மாடி அவவோ? கையுறைக்குக் கெட்டிமேளமோ?” அம்மாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பை அடக்குகிறா என்று கண்டேன். தேத்தண்ணி குடிக்கும் இடத்தைச் சொன்னபோது அடக்கமுடியாமல் சிரித்தேவிட்டா. “அப்பிடித்தான் அவ, பிறேக் ரூமிலையும் உதே கூத்துத்தான்.” பிறகு, “எப்ப ஆடுறா?” என்று கேட்டா.

ஆடவில்லை என்றும், ஏன் ஆடவில்லை என்றும் சொன்னேன். குழுவில் நான் ஆங்கிலத்தில் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. அங்கே அவ்வளவு எடுப்பாக இருந்த வசனம், சமையலறையில் சொன்னபோது வாய்க்குள்ளே சுருண்டது.

அம்மா சிரிப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தா.

“எனக்கு வெக்கம் வரும் எண்டு நீயே முடிவு கட்டினனீ. பிறகு என்ரை பேரிலை அந்த மனிசியை மறிச்சுப்போட்டு வந்திருக்கிறாய்.”

“அம்மா, நான்…”

“உன்ரை டான்ஸ் எனக்குப் பிடிக்குமெண்டு நான் சொல்லேல்லை. பிடிக்காட்டிப் பிடிக்கேல்லை எண்டு நான் சொல்லுவன். எனக்கு வாய் கிடக்கு.” அடுப்பை நிற்பாட்டினா. “போன மாரி ஐஸிலை நான் விழுந்து கிடக்கேக்கை, ரெண்டு கிழமை என்ரை பெட்டியளையும் சேர்த்து அடுக்கினவ அவ. உந்த முழங்காலோடை.”

வீட்டுச் செருப்போடேயே வெளியே போனா. லிஃப்ற் கீழே போகும் சத்தம் கேட்டது. அரிந்த லீக்ஸ் பலகையில் கிடந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தேன்.

ஒரு மணித்தியாலத்துக்குமேல் ஆயிற்று. திரும்பி வந்த அம்மா, “சாப்பாட்டைப் போட்டுச் சாப்பிடு,” என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டா. நாலாம் மாடியில் அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

தேர்வுக் குழுவிலிருந்து விலகிவிட்டேன். விண்ணப்பங்கள் இப்போது என் கைக்கு வருவதில்லை. அன்ரி மறுபடி அனுப்புவாவோ, அந்த முழங்கால் விடுமோ, எனக்குத் தெரியாது. வேலை முடிந்து வரும் வான் அவர்கள் இருவரையும் கட்டட வாசலில் இறக்கிவிடும். சில நாட்களில் நானும் அந்த நேரம் வாசலில் நிற்க நேர்கிறது. என்னைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். நான் கதவைத் திறந்து பிடிக்கிறேன். “தாங்ஸ் தம்பி,” என்று அன்ரி சொல்லுவா. அவர்கள் கடந்து போனபின், லிஃப்ற் வாசலில் அந்தப் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடங்குவது எனக்குக் கேட்கிறது.