கடைசியில் வரும் பேர்

குமாரவேலுக்கு இங்கிலீஷ் வந்தது பாதிரியார் பள்ளியில். அதைத் தூக்கிக்கொண்டு திரிகிற மிதப்பு மட்டும் அவனாகச் சேர்த்துக்கொண்டது. கொடைக்கானல் ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் வேலை. மழை வந்தது என்று நேராகச் சொல்ல அவனுக்கு வாய் வராது. ‘டவுன் கேம் த ரெயின்’ என்பான். கொட்டுவதை முதலில் சொல்லி, மழையைக் கடைசியில் இறக்குவான். வெள்ளைக்காரர்கள் சிரித்துத் தலையாட்டுவார்கள். இவனுக்கு ஒரு சாண் உயரம் கூடிவிடும்.

அந்தப் பேச்சுக்காகத்தான் மே மாதப் பூக்காட்சியில் மைக்கை அவன் கையில் கொடுத்தார்கள். பரிசு வாங்குகிறவர் பேரை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டால் என்ன ருசி? ‘அப் த ஸ்டெப்ஸ் கம்ஸ்…’ என்று ஆளைப் படியேற்றிவிட்டு, எந்த ஊர், என்ன பூ என்று ஒவ்வொன்றாக அடுக்கி, கூட்டம் கழுத்தை நீட்டும்போது பேரைப் போடுவான். கைதட்டல் அள்ளிக்கொண்டு போகும்.

அவன் அப்பா நல்லையா சிலோன் தேயிலைத் தோட்டத்தில் செடிகளின் தலையை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை பார்த்தவர். எழுபத்து மூன்றாம் வருஷம் குடும்பத்தோடு கப்பலேறி வந்து, வட்டக்கானலில் ஒரு பங்களாவில் தோட்டவேலைக்குச் சேர்ந்தார். லாட்ஜ் மேனேஜர் சம்சுல் ஆலத்திடம் குமாரவேல் சொல்லியிருந்த கதை வேறு.

“எங்கப்பா நல்லையா சிலோன்ல பெரிய கணக்கப்பிள்ளைங்க. இப்ப ரிட்டயராகி வீட்டோட இருக்காரு.”

யாரும் கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில். சொன்ன பிறகு அதைக் காப்பாற்றுவதே பெரிய சோலியாகிப் போனது. பஜாரில் அப்பா எதிரே வந்தால் பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிடுவான்.

எண்பத்திரண்டாம் வருஷம் பங்களாக்காரர்களை விட்டுவிட்டுத் தோட்டக்காரர்களுக்கே பரிசு என்று வைத்தார்கள். டேலியாப் பூவின் முறை வந்ததும் நடுவர் அம்மாள் அவன் காதருகே குனிந்து பேரைச் சொன்னார். நல்லையா.

கீழே பார்த்தான். படியோரம் அப்பா. இரவல் கோட்டு, எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை. போட்டியில் சேர்ந்ததைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை மனுஷன். முன்வரிசையில் சம்சுல் ஆலம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

‘அப் த ஸ்டெப்ஸ் கம்ஸ்…’ வாய் பழக்கத்தில் தொடங்கிவிட்டது. வட்டக்கானலைச் சொன்னான். டேலியாவைச் சொன்னான். பேருக்கு முன்னால் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்தினான். அப்புறம் ‘எ கார்டனர்’ என்றான். ஒரு தோட்டக்காரர். அவ்வளவுதான், பேரில்லை.

கூட்டம் கைதட்டியது. அப்பா ஏறவில்லை. ஒரு கால் முதல் படியில், முகம் மைக்கைப் பார்த்தபடி. கைதட்டல் ஓய்ந்த பிறகும் அப்படியே நின்றார். யாரோ சிரித்தார்கள்.

“பெருசு, ஒன்னத்தான்! வெரசா ஏறு!” என்று ஒருத்தன் முதுகில் கைவைத்துத் தள்ளினான்.

தடுமாறி ஏறினார். கோப்பையை வாங்கிக்கொண்டு மேடையில் இருந்தவர்களுக்கெல்லாம் வரிசையாகக் கும்பிடு போட்டார். மகனுக்கும் ஒன்று போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

சாயந்தரம் வீட்டுக்குப் போக அவனுக்குக் காலே வரவில்லை. போனபோது அப்பா இரவல் கோட்டை மடித்துக்கொண்டிருந்தார். கோப்பை அடுப்பு மேடையில் இருந்தது. அவர்தான் முதலில் பேசினார்.

“எனக்கு இங்கிலீசு எங்க தம்பி வெளங்குது? வருசா வருசம் வேலிக்கு வெளிய நின்னு கேட்டதுல ஒண்ணு மட்டும் புரிஞ்சிச்சு. நீ என்னென்னமோ சொல்லுவ, கடேசியிலதான் பேரு வரும். பேரு வந்தப்பறம் ஏறணும்னு நின்னுட்டேன். அத்தன பேரு முன்னால ஒனக்குச் சங்கடமாப் போச்சு. மனசுல வச்சுக்காத.”

குமாரவேல் வெட்கத்தில் கூனிக்குறுகிப் போனான்.