கேசட்டுல விட்டுப்போன நாலு அடி

விழுப்புரத்துல ஆட்டோ ஓட்டுற தாண்டவராயனுக்குப் போன மாசம் பேத்தி பொறந்துச்சு. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில நர்சம்மா கையில குடுத்ததுலேர்ந்து மனுஷன் கால் தரையில நிக்கல. ஆட்டோல ஏறுறவங்களுக்கெல்லாம் மைசூர்பாகு. "மொதல்ல வாயத் தொறங்க, அப்புறம் எங்க போவணும்னு சொல்லுங்க"ன்னு ஊட்டிக்கினு இருந்தாரு.

பேர் வைக்கத் தேதி குறிச்சதும் அவருக்கு ஒரே ஆச. திண்டிவனத்து சகாயராஜ் வரணும்.

"முப்பத்திமூணு வருஷமா பேசாதவரு இப்ப வந்துடுவாராக்கும்"னு சம்சாரம் அம்சா சிரிச்சாங்க.

பேச்சு நின்னதுக்குக் காரணம் ஒரு கேசட்டு. அந்தக் காலத்துல திண்டிவனத்துல அஞ்சு பேரு சேந்து வெள்ளிமீன்னு ஒரு குழு வெச்சிருந்தாங்க. சகாயராஜ் பாட்டு, தாண்டவராயன் டிரம்ஸ். மத்த குழுவெல்லாம் சினிமாப் பாட்டு வாசிச்சிக்கினு இருந்தப்ப, இவங்க சொந்தமா எட்டுப் பாட்டு கட்டி கேசட்டே போட்டாங்க. பஸ் ஸ்டாண்டு நெரிசலுக்கு ஒரு பாட்டு, மல்லாட்டைக் கொல்லையில கடல புடுங்குறதுக்கு ஒரு பாட்டு. அதுமாதிரி இந்தப் பக்கம் எவனும் செஞ்சதில்ல.

மூணாவது பாட்டு பதியும்போது தாண்டவராயன் கையில வேர்வை. குச்சி வழுக்கி எகிறிப்போய் சகாயராஜ் காலுகிட்ட விழுந்துச்சு. அவரும் திடுக்குனு பாடுறத நிறுத்த, மத்தவங்களும் நின்னுட்டாங்க. டிரம்ஸ்ல நாலு அடி அடிக்கிற நேரத்துக்குச் சத்தமே இல்ல. இவரு வேற குச்சி எடுத்து அடிக்க, பாட்டு ஓடிருச்சு. ஸ்டுடியோ நேரம் முடிஞ்சதால அப்படியே கேசட்டு வந்துச்சு.

"என் பாட்டுல ஓட்ட போட்டுட்டான்"னு அன்னிக்கு மூஞ்சியத் திருப்புனவருதான் சகாயராஜ்.

ஆனா கல்யாண வீட்டுல அந்தக் கேசட்டப் போட்டப்ப ஜனங்க அந்த எடத்துல நாலு கை தட்டுனாங்க. அப்புறம் செஞ்சிலேர்ந்து கண்டாச்சிபுரம் வரைக்கும் எல்லா பேண்டு செட்டும் அங்க நிறுத்த ஆரம்பிச்சிருச்சு. இன்னிக்குப் புதுசா பாட்டு கட்டுறவங்களும் நடுவுல நாலு அடி விடுறாங்க. திண்டிவனம் நிறுத்தம்னு அதுக்குப் பேரே விழுந்துருச்சு. சகாயராஜுக்கு எரிச்சல் இன்னும் ஏறுச்சு.

வெத்தல பாக்குத் தட்டோட தாண்டவராயன் அவரு வீட்டு வாசல்ல போய் நின்னாரு.

"பேத்திக்குப் பேரு வைக்கிறோம். நீ வரணும்டா."

"சந்தோஷம். தட்ட கீழ வையி, கை வழுக்கிடப் போவுது."

"இன்னுமாடா அத மனசுல வெச்சிருக்க?"

"எங்க போனாலும் ஓட்டைக்குத்தான்டா கை தட்டுறானுங்க. என் வரிக்கு எவனாவது தட்டுறானா?"

தாண்டவராயனுக்குச் சுருக்குனு இருந்துச்சு. இத்தினி வருஷத்துல அவரு இத யோசிச்சதே இல்ல.

"நீ வந்து நிறுத்தாம பாடு. பேண்டு செட்டுகிட்ட நான் சொல்லிடுறேன்."

"நீ டிரம்ஸ் பக்கமே வரக்கூடாது."

"வரல. கொழந்தைய வெச்சிக்கினு ஒக்காந்துக்குறேன்."

சகாயராஜ் வர்றேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. வெத்தலைய மட்டும் எடுத்துக்கினாரு.

விழா அன்னிக்கு மலர்விழின்னு கொழந்த காதுல மூணு தரம் சொல்லும்போதும் தாண்டவராயன் கண்ணு வாசல்லதான். கொஞ்ச நேரங்கழிச்சி, பொண்டாட்டி அருணாவோட சகாயராஜ் வந்து எறங்குனாரு. நேரா போய் மைக்கப் புடிச்சி அந்த மூணாவது பாட்ட எடுத்தாரு.

குரல் அப்படியே இருந்துச்சு. அந்த எடம் வந்துச்சு. பேண்டு நிறுத்தல, அவரும் நிறுத்தல. ஆனா எறநூறு பேரும் பழக்கத்துல பட்டு பட்டுனு நாலு தட்டு தட்டிட்டாங்க. அவரு வரி அதுல முங்கிப்போச்சு.

"யோவ், பாட வுடுங்கய்யா!"

அதுவும் பாட்டுதான்னு நெனச்சி ஜனம் மறுபடியும் தட்டுச்சு. சகாயராஜ் திரும்பி தாண்டவராயன மொறச்சாரு.

"நான் இல்லடா! என் ரெண்டு கையும் கொழந்தகிட்ட இருக்கு!"

சகாயராஜுக்குச் சிரிப்பு பொத்துக்கினு வந்துச்சு. மைக்குலயே சிரிச்சாரு, அடங்கவே இல்ல. அப்புறம் பேண்டுகாரங்களப் பாத்து, "மொதல்லேர்ந்து போடுங்க. அந்த எடத்துல எழவ நிறுத்தியே தொலைங்க"ன்னாரு.

சாப்ட்டு முடிச்சி ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நாற்காலி போட்டு ஒக்காந்தாங்க.

"ஆமா, அஞ்சாவது பாட்டுல ஏன்டா அவ்ளோ ஜல்தியா அடிச்ச?"

"நீ ஜல்தியா பாடுன, நான் பின்னாடியே ஓடியாந்தேன்."

"நானா? பொய் சொல்லாத!"

அம்சா உள்ளேர்ந்து எட்டிப் பாத்து, "அண்ணே, சண்டைய கொஞ்சம் மெதுவா போடுங்க, பாப்பா தூங்குது"ன்னாங்க.