மயிலுக்கு இரண்டு தலை

லேபிள் தாளை என் மேசைமேல் வீசிவிட்டு மிசின்மேன் அண்ணாச்சி போட்ட சத்தம் வாசல் வரை கேட்டது. "பிளேட்டு போட்டுருக்க லட்சணத்தப் பாரு. ஒரு மயிலுக்கு ரெண்டு தல!" சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் எங்களுடையது. வண்ணத்துக்கு ஒன்றாக அச்சுப் பிளேட் போடுவது நான், மிசின் ஓட்டுவது அவர். நாலு வண்ணமும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். அதைப் பார்ப்பதில் அவர் கண்ணை மிஞ்ச ஆள் கிடையாது. இருந்தாலும், பதினாறு வருசமாகப் பிளேட் போடுகிறவளிடம் அப்படிப் பேசினால் கோபம் வராதா? லென்ஸை எடுத்துத் தாளின்மேல் டக்கென்று வைத்தேன். "நீங்களே பாருங்க அண்ணாச்சி."

ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்தார். லென்ஸுக்குள் மயிலுக்கு ஒரு தலைதான். நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்தார். பிறகு இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு லென்ஸ் இல்லாமல் தாளைப் பார்த்தார். தாளை எடுத்துக்கொண்டு மிசினுக்குத் திரும்பினார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அது ஆனி மாதம், தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். "கோளாறு என் கண்ணுலதான். சீசன் முடியட்டும்மா, ஆசுபத்திரிக்குப் போறேன். அதுவரைக்கும் மொதலாளிகிட்டயோ ஒங்க மதினிகிட்டயோ மூச்சு விட்டுறாத" என்றார். நானும் விடவில்லை. மை வாடைக்கு ஒருபக்க மூக்கு அடைக்கிறது என்றார், நம்பினேன். கைக்குட்டையில் ரத்தம் கண்டபோது உடம்புச் சூடு என்றார், அதையும் நம்பினேன். ஒற்றைக் கண்ணால் நாலு மாதம் ஒரு லேபிள்கூடப் பிசகாமல் அடித்துக் கொடுத்தார் மனிதர். இடது கண் வெளியே துருத்திக்கொண்டு வந்தபிறகுதான் நான் அவர் மனைவியிடம், மதினியிடம் ஓடினேன். இருவருமாகச் சண்டை போட்டு மதுரைக்குக் கூட்டிப்போனோம்.

ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே, எப்போதிலிருந்து இரண்டாகத் தெரிகிறது என்று டாக்டர் கேட்டார். அண்ணாச்சி என்னை ஒருதரம் பார்த்தார். "ரெண்டு வாரமா இருக்கும் சார்." நான் தலை குனிந்துகொண்டேன். கன்னத்துக்கு உள்ளே சைனஸில் முளைத்த கட்டி எலும்பை அரித்துக் கண்குழிக்குள் புகுந்து, மூளையைத் தாங்கும் எலும்பு வரை ஏறிவிட்டதாம். கண்ணையே எடுத்தாலும் இனிப் பயனில்லை என்றார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று தொடங்கியவர், மதினியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இதோ, அடுத்த சீசனும் வந்துவிட்டது. கதிர்வீச்சுக் கரண்ட் வைத்ததில் வலி கொஞ்சம் மட்டுப்பட்டதோடு சரி. இப்போது வலது கண்ணும் மங்கி, விஸ்வநத்தம் வீட்டில் கட்டிலோடு கிடக்கிறார். ஞாயிறுதோறும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வேன். போன வாரம் மதினியின் சொந்தக்காரர்கள் பார்க்க வந்திருந்தார்கள். மதினி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, என் தோளைத் தொட்டு அவர்களிடம் சொன்னார்: "இந்தப் பிள்ளதான் மொதல்ல கண்டுபிடிச்சுச் சொல்லுச்சு. இது மட்டும் இல்லேன்னா அவுக இம்புட்டு நாள்கூட இருந்திருக்க மாட்டாக."

அண்ணாச்சி என் விரல்களை ஒரு அழுத்து அழுத்தினார். நான் காப்பியைக் குடித்தேன்.