பாயின் மூக்கு

பூனை மூத்திரத்தைத் தேய்க்கக் கூடாது. முதலில் பழந்துணியால் ஒற்றியெடுத்து, பிறகு வினிகர் கலந்த தண்ணீரால் துடைக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பூனைகள் மூன்றையும் நாயையும் தவிர இந்த முறை எல்லோருக்கும் தெரியும். இன்று துடைத்தபோது கிளம்பிய நெடியில் ஆம்பூர் வாடகை வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அங்கே நான்கு பூனைகள். அம்மா சாம்பல் தூவிக் கூட்டி, கழுவி, சாம்பிராணி போடுவாள். நெடி அதையும் மீறி நிற்கும். பக்கத்து வீட்டார் புகார் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் பாய் வருகிறார் என்றதும் அம்மா, “மோந்து பாத்தார்னா பூனைங்கள பாலாத்துலதான் உடணும்” என்றாள். நான் குட்டியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

பாய் கூடத்தில் நின்று மூச்சை இழுத்தார். தோல் பதனிடும் டேனரியின் முதலாளி; ஊறும் தோல்களுக்கு நடுவிலேயே ஆயுளைக் கழித்தவர்.

“நாத்தம்னு பேஜார் பண்றாங்கம்மா. எனக்கு மூக்கு செத்துப் பல வருசமாச்சு. நம்ம டேனரி நாத்தம்தானே? கோச்சுக்காதீங்க, காத்து திரும்பினா கம்மியாய்டும்.”

“பரவால்ல பாய், பொறுத்துக்கறோம்” என்றாள் அம்மா, கொஞ்சமும் தயங்காமல்.

அவர் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்துவிட்டுச் சிரித்தாள். நானும் குட்டியை வெளியே விட்டேன்.

இப்போது குடியிருக்கும் அடுக்ககத்தில் பழியை ஏற்றுக்கொள்ள ஒரு டேனரியும் இல்லை. துடைத்துத்தான் ஆக வேண்டும்.