போன வருஷங்களுக்கு ஒரு கையெழுத்து

2025 மே 14, புதன்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்து, கேத்தலில் தண்ணீர் வைத்து, இரவு பெய்த மழையை நாட்குறிப்பில் எழுதி, பிளேன்டீ குடித்தேன். சட்டையை இஸ்திரி போட்டேன். பாடசாலை அலுவலகத்தில் நான் எழுதுவினைஞர். அன்று மட்டும் லீவு சொல்லியிருந்தேன். அக்காவை நுவரெலியாவில் உள்ள வரி அலுவலகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அக்கா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைத் தொட்டிலாட்டி வளர்த்தே வயது போனது. கைக்கு வந்த சேமலாப நிதியை வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டிருந்தாள். அந்த வட்டியில் மூன்று வருஷமாக வரி வெட்டியிருக்கிறார்கள். அவளுடைய வருமானத்துக்கு வரியே இல்லை. பழைய வருஷங்களுக்கான வருமான வரி விபரத்திரட்டுகளைக் கொடுத்தால் வெட்டியது திரும்பக் கிடைக்கும். வங்கியிலேயே சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் அவள் மூச்சுக்கூட விடவில்லை. இனிமேல் வெட்டாமல் இருக்க ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டு, அவள் மாட்டேன் என்று எழுந்து வந்த பிறகுதான் விஷயம் எனக்குத் தெரிந்தது.

"போனாப் போகுது தம்பி. கவர்மென்ட்டுக்கு நான் எதையும் எழுதிக் குடுக்க மாட்டேன்" என்றாள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் பெரியப்பா எழுபதாம் ஆண்டுவாக்கில் அப்படித்தான், பத்தோடு பதினொன்றாக ஒரு தாளில் கையெழுத்து வைத்து, இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக்கொடுத்தார். வருஷக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. மறந்தே போயிருந்த நேரத்தில் இந்தியப் பாஸ்போர்ட் வந்து நின்றது; குடும்பத்தோடு போகவேண்டியதாயிற்று. பெரியப்பா மகளும் அக்காவும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். வட்டகொடை ஸ்டேஷனில் அவர்களை ஏற்றிய கோச்சியை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். கோச்சி நகர்ந்த பிறகும் அக்கா ஜன்னலுக்குள் விட்ட கையை எடுக்கவில்லையாம். யாரோ இழுத்துப் பிடித்தார்களாம். அன்றிலிருந்து அவளுக்கு அரசாங்கத் தாள் என்றாலே நடுக்கம்.

ஒருவழியாக, "வந்து பாக்குறேன். கையெழுத்தப் பத்தி அங்க பேசிக்குவோம்" என்று கிளம்பினாள்.

அதே வட்டகொடை ஸ்டேஷன். கோச்சிக்குக் காத்திருந்தபோது அக்கா பழைய கதைகளாகச் சொன்னாள். பெரியம்மா கட்டிக்கொண்டுபோன ரொட்டி, மகள் போட்டிருந்த பச்சைப் பாவாடை, போக மறுத்துப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்ட பாட்டனார். எனக்கு அந்த வயதில் எதுவும் நினைவில் நிற்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல, நானும் பார்த்ததுபோலவே இருந்தது. கிரேட் வெஸ்டர்ன் மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. நானுஓயாவில் இறங்கி வேன் பிடித்தோம்.

அலுவலகத்தில் இருந்தவர் ஒரு சிங்களப் பெண்மணி. வங்கிச் சான்றிதழ்களைப் பார்த்துக் கணினியில் பதிந்து, மூன்று வருஷத்துக்கும் தாள்களை அச்செடுத்தார். பேனாவை நீட்டிவிட்டு, சட்டென்று சிங்களத்தில் கேட்டார்.

"இந்த வருஷங்களில் நீங்கள் இலங்கையில்தானே இருந்தீர்கள்?"

படிவத்தில் எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான் அது. ஆனால் அக்காவின் பேனா பிடித்த கை மடியில் இறங்கிவிட்டது. எழுந்து போய்விடுவாளோ என்று எனக்குப் பயம். அவளுக்காக நானே பதில் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இங்கதான் இருந்தேன், நோனா. போறதா இருந்தா அப்பவே போயிருப்பேனே" என்றாள் சிங்களத்தில். குரல் கொஞ்சம் உரத்துத்தான் வந்தது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பெண்மணிக்கு எங்கள் கதை தெரிந்திருக்க நியாயமில்லை. சிரித்துக்கொண்டே, "அப்படியானால் அதற்குத்தான் இந்தக் கையெழுத்து, அம்மா" என்றார்.

"இதுல வச்சா, நான் இங்க இருந்தேன்னு ஆகுமா?"

"ஆகும். நீங்கள் இங்கே இருந்தவர் என்றுதான் எழுதியிருக்கிறது."

அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு தாளிலும் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்து வைத்தாள். கடைசித் தாள் முடிந்தும் பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இதுக்கு முந்தின வருஷத்துக்கெல்லாம் வைக்க வேணாமா, நோனா? எழுபத்தஞ்சு, எழுபத்தாறு… அப்பவும் இங்கதான் இருந்தேன்."

"அப்போது உங்களிடம் யாரும் வரி வெட்டவில்லையே, அம்மா!" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

வெட்டிய பணம் சில மாதம் கழித்து அவள் கணக்குக்கு வந்து சேர்ந்தது. தொகை பெரிதில்லை. ஆனால் இன்றைக்கும் எந்தப் படிவத்தில் 'வதிவிடம்' என்ற சொல்லைக் கண்டாலும் என் கை ஒரு நொடி நிற்கிறது. நான் யோசிக்காமல் நிரப்பிப் போகும் அந்தக் கட்டத்தைத் தன் வாயால் சொல்லி நிரப்ப, அக்காவுக்கு ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது. நுவரெலியா போய்வந்த மறுநாள் காலையே அவள் முதல் வேலையாக, என்னைக் கூப்பிடாமல் தனியாகவே தலவாக்கலைக்கு பஸ் ஏறி, வங்கி திறக்கும்வரை வாசலில் காத்திருந்து, முன்பு மறுத்துவிட்டு வந்த படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்து வைத்தாள்.