நான்கு மடங்கு லேசர்

கரும்பலகையில் சாக்பீஸ் சட்டென்று நின்றது. அக்கா திரும்பி, பின்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். அந்தப் பார்வை இன்றைக்கும் என்னைச் சும்மா விடுவதில்லை.

சேலத்தில் ஒரு கல்லூரியில் நாங்கள் ஒரே பேராசிரியரிடம் ஆய்வு செய்தோம். அக்கா எனக்கு இரண்டு வருடம் சீனியர். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீடு. நான் மோகனூர்க்காரன், சரியான அவசரக்குடுக்கை. மெல்லிய தகட்டின் மேல் லேசரைப் பாய்ச்சினால் அது பிளாஸ்மாவாகிச் சிதறும். எத்தனை எலக்ட்ரான்கள் தெறிக்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது எங்கள் வேலை. கணினி வண்ண வண்ணமாகப் படம் காட்டும். அக்கா அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். லேசரின் செறிவு, அது விழும் வட்டத்தின் பரப்பு, துடிப்பு நீடிக்கும் நேரம் மூன்றையும், சென்டிமீட்டரை மீட்டராக்கி, ஃபெம்டோ நொடியை நொடியாக்கி, பஸ் டிக்கெட்டின் பின்னால் பெருக்கி, லேசரின் ஆற்றல் எத்தனை ஜூல் என்று பார்ப்பார். "மொதல்ல எத்தன ஜூல்னு சொல்லு தம்பி. படம் எங்கயும் ஓடிப் போயிறாது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு நான்தான் ஒரு கணக்கு ஓட்டிக் கொடுத்தேன். அவர் வழவழப்பான தகட்டுக்கு ஓட்டியிருந்தார். நான் பள்ளம் கீறிய தகட்டுக்கு. அதே லேசர். எலக்ட்ரான்கள் கிட்டத்தட்ட நான்கு மடங்கு! துள்ளிக் குதித்தேன். "ஜூல் பாத்தியா?" என்றார். "பாத்துட்டனுங்க்கா" என்றேன். எங்கே பார்த்தேன்? ஆய்வேட்டைக் கொடுக்கும் நெருக்கடியில் இருந்தவர் அந்த ஒரு முறை என் வார்த்தையை நம்பிவிட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது மனசு கேட்காமல் பெருக்கிப் பார்த்தேன். நிரல் கேட்டது வட்டத்தின் ஆரம். நான் கொடுத்திருந்தது விட்டம். பரப்பு நான்கு மடங்கு, ஆகவே லேசரின் ஆற்றலும் நான்கு மடங்கு. பள்ளம் ஒரு மண்ணும் செய்யவில்லை. சொன்னால் தேர்வு தள்ளிப்போகும். பட்டம் வந்தால்தான் வாழப்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் அவருக்கு வேலை. அவர் நன்மைக்குத்தான் என்று வாயை மூடிக்கொண்டேன். நன்மையாவது, மண்ணாவது! எனக்குப் பயம்.

"ரெண்டுக்கும் லேசர் ஆற்றல் எத்தன ஜூல்னு போட்டுக் காட்டுங்கம்மா" என்று தேர்வன்று தேர்வாளர் கேட்டார். அக்கா பின்னிணைப்பில் அச்சாகியிருந்த எண்களை எடுத்துக் கரும்பலகையில் பெருக்கினார். இரண்டாவது விடையில்தான் கை நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு தேர்வாளரிடம், "தப்புங்க சார். நாந்தான் சரியாப் பாக்கல" என்றார். என் பெயரை எடுக்கவே இல்லை. நான் எழுந்திருக்கவும் இல்லை.

வெளியே வந்ததும், "உனக்கு முன்னமே தெரியுமா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். "இல்லீங்க்கா" என்றேன். அத்தியாயத்தைத் திருத்த எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

அக்கா இப்போது பள்ளியில் இயற்பியல் நடத்துகிறார். நான் நாமக்கல்லில் ஆய்வு மாணவர்களை மேய்க்கிறேன். யார் கணக்கைக் கொண்டுவந்தாலும் ஜூல் எத்தனை என்று நச்சரிக்கிறேன். போன வாரம் அவர் போன் செய்தார். அவரிடம் படித்த ஒரு பெண் ஆராய்ச்சிக்கு வருகிறாளாம்.

"உங்கிட்டத்தான் சேரோணும்னு சொல்லிட்டேன். 'அவன் பாத்துட்டேன்னு சொன்னா, அத நம்பலாம்'னு அவகிட்டச் சொல்லியிருக்கேன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"அனுப்பி உடுங்க்கா" என்றேன்.